மூன்றாவது பெயர்: வேதியியல் பிஎச்.டி.க்கு இடம் தேடிய கதை

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. எந்தப் பேராசிரியர்களிடம் ஆய்வு செய்ய விருப்பம், மூன்று பெயர் தரவும் என்று. முதல் பெயர் ஆறு மாதமாக எனக்கு மனப்பாடம். இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துப் போட்டேன். மூன்றாவதை, ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில், துறையின் இணையப் பக்கத்தில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு பெயராகப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆறரை வருடம் கழித்து என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டவர் அந்த மூன்றாம் பெயர்க்காரர்தான்.

அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி. படிக்க எப்படி இடம் தேடுவது என்று கேட்டு மாதம் இரண்டு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பல்கலைக்கழகத் தரவரிசையையும். நான் சொல்ல நினைப்பது வேறு. அதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்கு மின்வேதியியல் பக்கத்து வீட்டுச் சமாசாரம். 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். எம்.எஸ்சி. முதலாண்டுக் கோடை விடுமுறையில் அங்கே ஆறு வாரம் ப்ராஜெக்ட் செய்தேன். முதல் இரண்டு வாரம் மின்முனையைத் தேய்ப்பது மட்டும்தான் வேலை. கிளாஸி கார்பன் மின்முனையை ஈரமான அலுமினாப் பொடியில் வைத்து எட்டுப் போட வேண்டும், லைசென்ஸுக்குப் போடுகிற அதே எட்டு. தேய்த்துக் கழுவி ஃபெர்ரோசயனைடு கரைசலில் விட்டு, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைபடமாக எடுத்தால், அதில் வரும் இரண்டு முகடுகளுக்கும் நடுவே 59 மில்லிவோல்ட் இருக்க வேண்டும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. முதல் நாள் எனக்கு வந்தது 210. பதினோராம் நாள் 72. அன்று சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது, இந்த வேலையை இன்னும் பத்து வருடம் செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று தோன்றியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "எனக்குக் கரிம வேதியியல் பிடிக்கும்" என்று எழுதுகிற பலருக்கும் பிடித்தது கரிம வேதியியல் பாடம். வினை வழிமுறைகளை அம்பு போட்டு எழுதுவது பிடித்திருக்கும். ஆய்வு அதுவல்ல. ராத்திரி எட்டு மணிக்கு நான்காவது தடவையாகக் கண்ணாடிக் குழாயில் (column) கரைசலை ஊற்றிக் கலவையைப் பிரித்துக்கொண்டு, சோதனைக்குழாய்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு இருப்பது. அந்தச் சலிப்பான பகுதியைச் செய்து பார்த்து, அதையும் சகித்துக்கொள்ள முடிகிறதா என்று தெரிந்த பிறகு துறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நான் விண்ணப்பித்தது 2014 கடைசியில். எட்டுப் பல்கலைக்கழகங்கள். டாலர் அப்போது 62 ரூபாயைச் சுற்றி இருந்தது. விண்ணப்பக் கட்டணம், ஜிஆர்இ, ஆங்கிலத் தேர்வான டோஃபல், மதிப்பெண்ணை அனுப்ப ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கட்டணம் என்று 75,000 ரூபாயைத் தாண்டியது. அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகுதான் ஒன்று தெரிந்தது. துறையின் மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு, நிலைமையைச் சொல்லிக் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிற இடங்கள் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் கேட்பதற்குக் காசில்லை. நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் வீட்டில் புரியவைக்க வேண்டியிருந்தது. அங்கே வேதியியல் பிஎச்.டி.க்கு நாம் பணம் கட்டுவதில்லை. அவர்கள்தான் நமக்குத் தருகிறார்கள். படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் ஸ்டைபெண்ட், அதற்குப் பதிலாக இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுப்பது அல்லது பேராசிரியரின் ஆய்வுநிதியில் வேலை செய்வது. முதுகலை மட்டும் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் போகிறார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, எங்கள் தெருவில் ஒருவர் வங்கிக் கடனுக்கு ஆள் சொல்கிறேன் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

தரவரிசைக் காய்ச்சல் எனக்கும் இருந்தது. ஒரு பெரிய எக்செல் தாள், அதில் முதல் நூறு துறைகள். மாமா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இருபதுக்குக் கீழ போறதா இருந்தா இங்கயே இருந்துரலாம்ல?" என்றார். நோபல் வாங்கிய நம்ம சிதம்பரத்துக்காரர் வெங்கி ராமகிருஷ்ணனைப் பற்றி அதற்கு முந்தின வாரம்தான் பெருமையாகப் பேசியவர் அவர். வெங்கி முதலில் பிஎச்.டி. வாங்கியது ஒஹையோ பல்கலைக்கழகத்தில், ஏதென்ஸ் என்ற சின்ன ஊரில், 1976-ல். அதுவும் இயற்பியலில். அதன் பிறகு சான் டியேகோவில் உயிரியல் மாணவராக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இதைச் சொன்னதும் மாமா டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தரவரிசை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேதியியல் துறை என்பது நாலைந்து சின்னத் துறைகள் ஒரே கட்டடத்தில் குடியிருப்பது. பொதுப் பட்டியலில் நடுவில் இருக்கும் இடம், உங்கள் பிரிவில் முதல் வரிசையில் இருக்கலாம். பகுப்பாய்வு வேதியியல் என்றால் பர்டியூவையும் இண்டியானாவையும் சொல்லாமல் யாரும் பேச்சை முடிப்பதில்லை. மின்வேதியியலுக்கு ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம். 1958 முதல் மின்வேதியியல் மேதை ஆலன் பார்ட் அங்கேதான் இருந்தார், எங்கள் சிக்ரியில் அவர் பெயர் தெரியாத மாணவர் கிடையாது. யூட்டாவும் இதில் வலுவான இடம். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், பட்டியல் தானாகவே உருவாகிவிடும். என் எக்செல் தாளைவிட அந்த நோட்டுதான் உதவியது.

அடுத்தது ஆய்வுக்குழுக்களைப் பார்ப்பது. நான் அப்போது செய்தது பாதி, பின்னால் கற்றுக்கொண்டது பாதி. சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு பேராசிரியரின் குழுப் பக்கத்தில் எல்லோரும் ஆராய்ச்சிப் படங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் "முன்னாள் உறுப்பினர்கள்" பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிஎச்.டி. என்று இருக்கிறதா, எம்.எஸ். என்று இருக்கிறதா? பிஎச்.டி.க்கு வந்துவிட்டு முதுகலைப் பட்டத்தோடு கிளம்பியவர்கள் எல்லாக் குழுவிலும் ஓரிருவர் இருப்பார்கள். அவரவருக்கு ஆயிரம் காரணம். ஆனால் பத்துக்கு நாலு பேர் அப்படி என்றால், அங்கே ஏதோ இருக்கிறது. அடுத்து, பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் அந்தக் குழுவின் ஆய்வேடுகள் கிடைக்கும். முதல் பக்கங்களில் நன்றியுரை இருக்கும். யாரும் அங்கே குறை எழுத மாட்டார்கள்தான், ஆனால் எழுதாமல் விட்டது தெரியும். கைடுக்கு ஒரு வரி, லேப் தோழர்களுக்கு ஒன்றரைப் பக்கம் என்று ஒரே குழுவில் மூன்று ஆய்வேடுகள் பார்த்தேன். அந்தக் குழுவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பணம் எப்படி என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் ஆய்வுநிதி விவரம் முழுவதும் பொதுவில் இருக்கிறது. பேராசிரியர் பெயரைத் தேடினால் எவ்வளவு தொகை, எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்று வந்துவிடும். தேசிய சுகாதார நிறுவனத்துக்கும் அதேபோல ஒரு தேடுதளம் உண்டு. ஒருவருடைய நிதியெல்லாம் நீங்கள் சேரும் வருடத்தோடு முடிகிறது, புதிதாக ஒன்றும் இல்லை என்றால் நீங்கள் ஐந்து வருடமும் லேப் வகுப்பு எடுத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். இது எனக்கு மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. ஒரு மணி நேர வேலை. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என்றால் இந்தக் கணக்கு வேறு மாதிரி. அவர்களுக்குத் துறை தொடக்க நிதி கொடுத்திருக்கும், தேடுதளத்தில் வராது. அவர்களோடு தோளுரசி வேலை செய்யலாம், அவர்களே பக்கத்தில் நின்று கற்றுத் தருவார்கள். ஆனால் ஆறாம் வருடத்தை ஒட்டி அவர்களுக்குப் பணி நிரந்தரம் உண்டா இல்லையா என்று முடிவாகும். இல்லை என்று வந்தால் அவரும் போவார், லேபும் போகும்.

எட்டில் மூன்று இடத்திலிருந்து பிப்ரவரி, மார்ச்சில் ஆஃபர் வந்தது. ஒன்று பெரிய நகரம், ஒன்று நடுமேற்கில் ஒரு சின்ன ஊர், மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். அமெரிக்காவிலேயே படித்த மாணவர்களை விமான டிக்கெட் போட்டு அழைத்துத் துறையைச் சுற்றிக் காட்டுவார்கள். நமக்கு அப்போது ஸ்கைப்தான். அதில்தான் நான் தடுமாறினேன்.

நான் கேட்டதெல்லாம் "சார் எப்படி? குழு எப்படி?" மாதிரி கேள்விகள். அதற்கெல்லாம் பதில் "ரொம்ப நல்லா இருக்கும்" என்பதுதான். ஒரு மாணவரிடம் கைடைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் நிறுத்தி, "ஹி இஸ் வெரி பேஷனேட்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு டேட்டா கேட்டு மெயில் அனுப்புவார் என்பதற்கு நாகரிகமான பெயர் அது என்று பிறகு புரிந்தது. இன்னொருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லேபைச் சுற்றிக் காட்டினார். கரைப்பான் பாட்டில்களுக்குப் பக்கத்தில் பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

சிரித்திருக்கக் கூடாது. 2008 டிசம்பர் 29-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்தபோது அது சிந்தித் தீப்பிடித்தது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அமெரிக்க வேதியியல் துறைகளில் பாதுகாப்புப் பயிற்சி நிறைய மாறியது. ஆனால் குழுவுக்குக் குழு வித்தியாசம் இன்னும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு ஆபத்தான வினையை முதல் தடவை யார் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். உடனே ஒரு பெயர் வந்தால் நல்லது. "வீடியோ பார்த்தா போதும்" என்று வந்தால் யோசியுங்கள்.

என் தடுமாற்றத்தைத் தீர்த்தவர் ஒரு தமிழ் அக்கா. சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பட்டியலில் பெயரைப் பார்த்து எழுதினேன். ஆங்கில மெயிலில் அவரும் எல்லோரையும் போலத்தான் பதில் போட்டார். கடைசியில் ஒரு வரி: உங்கள் நம்பர் அனுப்புங்கள். ஞாயிறு காலை போன் வந்தது.

"எந்த ஊரும்மா நீ?"

"காரைக்குடி அக்கா."

"சரி, அப்ப வெளிப்படையா சொல்றேன். சார் நல்லவரா கெட்டவரான்னு கேக்காத. அதை யாரும் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். கடைசியா பட்டம் வாங்குனவருக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேளு. போன வருஷம் யாராச்சும் ஊருக்குப் போயிட்டு வந்தாங்களா, எத்தனை வாரம்னு கேளு. எழுதிக் குடுத்த பேப்பர் அவர் மேசையில எத்தனை மாசம் கிடக்கும்னு கேளு. நம்பரா கேட்டா நம்பராத்தான் சொல்லணும்."

இன்று வரை நான் பிறருக்குச் சொல்லும் அறிவுரையில் பாதி அந்த அக்காவுடையது. தமிழில் பேசியதால்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். நீங்கள் போக நினைக்கும் துறையில் நம் மொழி பேசும் ஒருவர் இருந்தால், மெயிலோடு நிறுத்தாமல் ஒரு அழைப்புக்கு நேரம் கேளுங்கள்.

அடுத்து பணக் கணக்கு. பெரிய நகரம் வருடத்துக்கு 28,000 டாலர் தருவதாகச் சொன்னது, சின்ன ஊர் 23,500. வீட்டில் எல்லோருக்கும் 28,000 தான் பெரிதாகத் தெரிந்தது. அக்கா வாடகையைச் சொன்னார். நகரத்தில் மூன்று பேர் சேர்ந்து இருந்தாலும் ஆளுக்கு 1,000 டாலருக்குக் குறையாது. சின்ன ஊரில் தனி அறையே 420. மாதக் கணக்காகப் பார்த்தால் நகரத்தில் கைக்கு வருவதில் பாதி வாடகைக்கே போய்விடும். இதோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொகை பன்னிரண்டு மாதத்துக்கா, ஒன்பது மாதத்துக்கா? படிப்புக் கட்டணம் தள்ளுபடி சரி, மாணவர் கட்டணம் என்று தனியாக ஒன்று வாங்குவார்களே, அது தள்ளுபடியில் அடங்குமா? மருத்துவக் காப்பீட்டுக்கு யார் கட்டுவது? நான் போன இடத்தில் மாணவர் கட்டணம் தள்ளுபடி ஆகவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாத வாடகையைவிட அதிகமாக அதற்கே போனது.

வரி விஷயத்தில் நமக்கு ஒரு நன்மை உண்டு, பலருக்குத் தெரியாது. இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி, இந்திய மாணவர்கள் வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வருமான வரிப் படிவத்தில் நிலையான கழிவை (standard deduction) கோரலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவில் முதல் ஐந்து ஆண்டுகள் சமூகப் பாதுகாப்பு வரியும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் சம்பள அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். என் அறைத்தோழிக்கு ஒரு வருடம் பிடித்திருந்தார்கள், போராடித் திருப்பி வாங்கினாள். முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான் வரும். ஆகஸ்டில் வீட்டு முன்பணம், பாத்திரம், கம்பளி என்று எல்லாம் நம் கைக்காசு. 2,000 டாலராவது கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அப்பா இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாதியில ஒத்துவரலைன்னா திரும்பி வர டிக்கெட்டுக்குக் காசு இருக்குமா?" எனக்குக் கோபம் வந்தது. போவதற்கு முன்பே என்ன இந்தப் பேச்சு என்று. அவர் விடவில்லை. தனியாக 70,000 ரூபாய் என் கணக்கில் போட்டுவிட்டு, அதைத் தொடாதே என்றார். அந்தப் பணம் ஆறு வருடமும் அங்கேயே கிடந்தது. இரண்டாம் வருடத்தில் ஒரு ராத்திரி அது இருக்கிறது என்ற நினைப்பில்தான் தூங்கினேன்.

ஒரு துறை பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தியது. நான் பயந்துபோய் ஒப்புக்கொள்ள இருந்தேன். அக்காதான் தடுத்தார். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கழகங்களின் கவுன்சில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் போட்டேன். மறுநாளே, "தாராளமாக ஏப்ரல் 15 வரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில் என் வகுப்புத் தோழிக்கு, இந்தியாவில் ஆய்வு செய்கிறவர்களுக்குத் தேர்வு வைத்துத் தரும் சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தது. அப்போதுதான் மாதத் தொகையை 16,000-லிருந்து 25,000 ஆக்கியிருந்தார்கள். இப்போது 37,000. அவள் இங்கேயே ஒரு ஆய்வகத்தில் சேர்ந்து, எனக்கு ஒரு வருடம் முன்பாகவே பட்டம் வாங்கினாள். ஜேஆர்எஃப் என்பது உங்கள் பெயரில் வரும் பணம், கைடு பாக்கெட்டிலிருந்து வருவதல்ல. அந்தச் சுதந்திரம் எனக்கு அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. வெளிநாடு போகாதவர்கள் தோற்றவர்கள் என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் எப்போது ஒழியுமோ.

நான் சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தேன், முதல் பெயர்க்காரருக்காக. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் துறை தரும் தொகையே செலவு முழுவதற்கும் காட்டப்பட்டிருந்ததால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதைத்தான் பார்த்தார்கள். வங்கி இருப்புக் காகிதங்களை வெளியே எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் பருவம் வகுப்புகள், இரண்டு பிரிவு பொது வேதியியல் லேப், பிரிவுக்கு 24 பேர். முதல் வாரம் நான் "பிப்பெட்" என்றது ஒருவருக்கும் புரியவில்லை. அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. வகுப்பு தொடங்கும் முன்பே ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்று வைப்பார்கள், அதில் தேறினால்தான் வகுப்பெடுக்க விடுவார்கள். டோஃபல் பேச்சுப் பகுதியில் நல்ல மதிப்பெண் இருந்தால் சில இடங்களில் அந்தத் தேர்வே வேண்டாம். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு 'க்யூம்' என்று எல்லோரும் அழைக்கும் மாதத் தேர்வு. எங்கள் துறையில் ஆறு தேறியாக வேண்டும். இன்ன பாடம் என்று சொல்ல மாட்டார்கள், அந்த மாதம் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்தே வரும். சில துறைகளில் க்யூம் கிடையாது, ஒரே வாய்மொழித் தேர்வுதான். பரீட்சை எழுதியே வளர்ந்த நமக்கு க்யூம் ஒன்றும் பெரிதல்ல. வாய்மொழித் தேர்வில்தான் நம்மவர்கள் கால் நடுங்குகிறது.

டிசம்பரில் முதல் பெயர்க்காரரின் குழுவில் சேர்ந்தேன். நல்ல மனிதர். இன்றும் சொல்வேன். 2017 ஜனவரியில், வாராந்திரக் கூட்டத்தின் முடிவில், வேறொரு பெரிய பல்கலைக்கழகம் தன்னை அழைத்திருப்பதாகவும் கோடையில் போகப்போவதாகவும் சொன்னார். ஆறு பேர் இருந்தோம். யாரும் பேசவில்லை. கூடவே வரலாம் என்றார். ஆனால் எனக்கு ஆய்வுத் தகுதித் தேர்வு முடிந்திருக்கவில்லை. அங்கே போனால் மறுபடி மாணவராகச் சேர்ந்து, சில பாடங்களும் தேர்வும் மறுபடி. ஐ-20-யையும் மாற்ற வேண்டும். தேர்வு முடித்த சீனியர்கள் மட்டும் அங்கே வேலை செய்துகொண்டே பழைய இடத்தின் பட்டத்தை வாங்கலாம் என்று ஏற்பாடு. நான்கு பேர் போனார்கள். நான் நின்றேன்.

நின்றவளுக்குப் போக்கிடம் வேண்டுமே. இரண்டாவது பெயர்க்காரரிடம் போனேன். அவருக்கு அந்த வருடம் நிதி இல்லை. அப்போதுதான் பழைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது பெயர். மின்வேதியியலோடு நிறமாலையைச் சேர்த்துச் செய்கிறவர். அறைக்கதவைத் தட்டினேன். "உங்கள் விண்ணப்பத்தை நான்தான் படித்தேன், என் பெயரைப் போட்டிருந்தீர்கள்" என்றார். ஏன் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. பதினான்கு மாத வேலை வீணானது. புதுக் கருவி, புது மொழி, மொத்தம் ஏழு பருவம் லேப் வகுப்பு. ஆனாலும் அந்தத் துறையில் எனக்கு நிற்க இன்னொரு இடம் இருந்தது. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. கரண்ட் போகும் பயம்.

அதனால் இப்போது யாராவது என்னிடம் ஆஃபர்களைக் காட்டினால், நான் பல்கலைக்கழகப் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன். முதலாமவர் நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டால், இந்தத் துறையில் யாரிடம் போய் நிற்பாய்? அவருக்கு நிதி எப்போது வரை? அவர் இந்த வருடம் ஆள் எடுக்கிறாரா? மூன்று பெயர் சொல்ல முடிகிற இடம், ஒரே ஒரு பெரிய பெயர் இருக்கிற இடத்தைவிட எனக்குப் பிடிக்கும். அந்த ஒருவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. பெரியவர்களைத்தான் மற்ற இடங்கள் கூப்பிடுகின்றன. அப்படியே, வேறொருவரிடம் மாறிய மாணவர்கள் அந்தத் துறையில் இருக்கிறார்களா, மாறிய பருவத்தில் அவர்களுக்கு ஸ்டைபெண்ட் வந்ததா என்றும் கேளுங்கள். எங்கள் துறையில் வந்தது. லேப் வகுப்புக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்கள்.

சேரும் முன் பேராசிரியரிடமே, இடம் மாறும் எண்ணம் உண்டா என்று கேட்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். நேரடியாகக் கேட்டால் யாரும் உண்டு என்று சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். "அடுத்த ஐந்து வருடத்தில் குழுவை எப்படி வளர்க்கத் திட்டம்?" என்று கேட்கச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று, நான் செய்த தவறு. மூன்று ஆஃபரையும் ஏப்ரல் 13 வரை கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சின்ன ஊர்தான் என்று மார்ச் கடைசியிலேயே மனதில் முடிவாகிவிட்டது. ஆனாலும் இரண்டை விட மனம் வரவில்லை, வைத்துக்கொண்டிருப்பதே ஒரு சுகமாக இருந்தது. நான்காம் வருடம் எங்கள் துறையின் சேர்க்கைக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக உட்கார்ந்தபோது மறுபக்கத்தைப் பார்த்தேன். காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும், மேலே ஒருவர் பதில் போடாததால் அதைத் தொட முடியாது. ஏப்ரல் 15 மாலை இடம் காலியாகி, பட்டியலில் உள்ளவரைக் கூப்பிட்டால் அவர் அதற்குள் வேறெங்கோ ஒப்புக்கொண்டிருப்பார், இல்லை ஆசையையே விட்டிருப்பார். போகப்போவதில்லை என்று முடிவான அன்றைக்கே எழுதிவிடுங்கள். நன்றி, வேறொரு இடத்தில் சேர முடிவு செய்திருக்கிறேன், என் இடத்தை அடுத்தவருக்குத் தரலாம் என்று இரண்டு வரி. காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.